அத்தையும் ஸ்பானிய மொழியும்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

அதிகாலை நான்கரை மணிக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, "கியேரோ ஆகுவா, கியேரோ ஆகுவா" என்று ஒரு குரல் கேட்டால் என்ன நினைப்பீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அம்மாவைத் தனியே அழைத்து, "ஒங்க வீட்ல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லியா? செவ்வாக்கெழம உவரி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று இரகசியமாகச் சொன்னார்கள். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. என் அத்தை ஸ்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தார்கள். "கியேரோ ஆகுவா" என்றால் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று பொருள்.

என் அத்தை அப்பாவின் அக்கா. கன்னியர் மடத்தில் சேர்ந்து செவிலியாகப் பணிபுரிபவர்கள். நாங்கள் எல்லோரும் அவர்களை "சிஸ்டர் அத்தை" என்றுதான் கூப்பிடுவோம். 2025 ஜனவரியில், அத்தைக்கு 49 வயது முடிந்திருந்தபோது, சபையின் மாநிலத் தலைவி மதரிடமிருந்து ஓர் ஓலை வந்தது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில், குஸ்கோ நகருக்கு அப்பால் உள்ள ஒரு மலைக் கிராமத்தில் சபையின் சிறிய மருந்தகம் இருக்கிறதாம். அங்கே செவிலி வேண்டும். போக இயலுமா என்று கேட்டிருந்தார்கள். அத்தை "ஆகட்டும்" என்று எழுதிவிட்டார்கள். குஸ்கோ நகரமே கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். நாங்களோ கடற்கரையில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் கோயில் மணிக்கூண்டுதான்.

இந்தச் செய்தியை ஆச்சியிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஆச்சிக்கு வயது 81. அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார்கள். தாயைப் பார்த்துக்கொள்ளவும் மொழி படிக்கவும் அத்தைக்கு மே மாத இறுதி வரை வீட்டில் தங்க மடத்தில் உத்தரவு கொடுத்தார்கள். அத்தையே ஒருநாள் ஆச்சிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னார்கள்.

எங்கள் ஆச்சி தம் மகளை "சிஸ்டர்" என்றும் "நீங்க" என்றும்தான் பேசுவார்கள். மடத்துக்குக் கொடுத்த பிள்ளை என்ற மரியாதை. அன்றைக்கு அந்த மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "ஏட்டி, நான் செத்தா மண்ணு போட வருவியா?" என்று கேட்டார்கள். அத்தை பதில் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாத காலம் ஆச்சி அந்த நாட்டின் பெயரையே வாயால் சொல்லவில்லை. அத்தை மருந்து கொடுத்தால் குடிப்பார்கள், பிடித்து நடத்தினால் நடப்பார்கள். பெருவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அத்தை படித்தது காதால் கேட்டுப் படிக்கும் பாடம். கைப்பேசியில் அரைமணி நேரப் பாடம் ஒவ்வொன்றாக வரும். புத்தகம் கிடையாது. ஒரு குரல் ஆங்கிலத்தில், "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கும். பிறகு சில விநாடி மௌனம். அந்த மௌனத்துக்குள் நாம் ஸ்பானிய மொழியில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு அந்த மொழிக்காரர் ஒருவர் சரியான விடையைச் சொல்வார். இத்தகைய பாடங்களுக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் பால் பிம்ஸ்லர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். புதிதாகக் கற்ற சொல்லை எவ்வளவு இடைவெளி விட்டு மீண்டும் கேட்டால் மறக்காது என்று 1967-ஆம் ஆண்டு அவர் ஒரு கணக்கு எழுதினார். முதலில் 5 விநாடி, பிறகு 25 விநாடி, பிறகு 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி, ஐந்து மணி, ஒரு நாள், ஐந்து நாள், இருபத்தைந்து நாள் என்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து மடங்காக நீண்டுகொண்டே போகும். மறக்கப் போகிற நேரத்தில் நினைவூட்ட வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். (இதைக் கேட்டு நான், "அத்தை, ஓர் அருள்நிறை மரியே சொல்ல 25 விநாடி ஆகிறதே, ஜெபமாலையையே கணக்காக வைத்துக்கொள்ளலாமே" என்றேன். "செபத்தக் கடியாரமாக்காத" என்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.)

இவ்வளவு நல்ல முறை இருந்தும் அத்தைக்குப் பாடம் ஏறவில்லை. முதல் பாடத்தைப் பதினோரு முறை கேட்டார்கள். நான் சிறுவயது முதல் ஆங்கில வழியில் படிப்பவள். அத்தை எட்டாம் வகுப்பு வரை கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்து, பிறகு செவிலிப் படிப்புக்காக ஆங்கிலத்தோடு போராடியவர்கள். மருந்தின் பெயர், நோயின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தக் குரல், "அவர் ஏதாவது சாப்பிட விரும்புவாரா என்று கேளுங்கள்" என்று நீட்டி ஆங்கிலத்தில் சொன்னால், அத்தை அந்த ஆங்கிலத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். "இதுல 'வுட்' எதுக்கு வருது?" என்று என்னைக் கேட்பதற்குள் மௌனம் முடிந்து விடை வந்துவிடும்.

இப்போது நான் எழுதப்போவது எனக்குப் பெருமை தருவது அன்று. மார்ச் மாதத்தில் ஒருநாள் என் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காக, அத்தை ஆங்கிலக் கேள்வியைத் திரும்பச் சொல்லித் தடுமாறுவதை நான் நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அத்தை கையில் இரண்டு கோப்பைத் தேநீரோடு நிற்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் தேநீரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாளிலிருந்துதான் பாடம் மொட்டை மாடிக்கு ஏறியது. யாரும் விழித்திராத அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது என்னால்தான் என்பது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனபோது அத்தையின் நோட்டுப் புத்தகம் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்தது. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரிகள். முதல் வரியில் ஆங்கிலம், அதன் கீழே தமிழில் பொருள், அதற்கும் கீழே தமிழ் எழுத்தில் ஸ்பானிய விடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் ஓர் ஆற்றைத் தாண்டும் நேரத்தில் அத்தை இரண்டு ஆறுகளைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்தச் சில விநாடி மௌனம் அவர்களுக்கு எப்படிப் போதும்?

அங்கேயே உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். ஓரிடத்தில் என் கண் நின்றுவிட்டது. 'நான் மீனை விரும்புகிறேன்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. கீழே, "எனக்கு மீன் பிடிக்கும்." அதன் கீழே, "மே குஸ்தா எல் பெஸ்காதோ." இதில் 'மே' என்றால் 'எனக்கு'. 'குஸ்தா' என்றால் 'பிடிக்கும்'. 'நான்' என்ற சொல்லே இல்லை! அன்று மாலை அந்தப் பாடத்தை நானும் கேட்டேன். ஸ்பானியர்கள் 'நான் மீனை விரும்புகிறேன்' என்று சொல்லாமல், மீன் தமக்கு இன்பம் தருகிறது என்று சொல்கிறார்கள் என்பதை ஆங்கிலக்காரர்களுக்கு விளக்க ஆசிரியர் படாத பாடு படுகிறார். நம் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைகூட "எனக்குப் பிடிக்கும்" என்றுதானே சொல்கிறது?

பிறகு தேடத் தேட இன்னும் கிடைத்தது. 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான் என்று தமிழில் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கும் 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'நான்', 'நீ' சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. 'து' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று பாடத்தில் நீண்ட விளக்கம் வந்தபோது அத்தை சிரித்துக்கொண்டே, "எங்க அம்மாகிட்ட கேட்டா ரெண்டும் ஒரே நாள்ல சொல்லித் தருவாவ" என்றார்கள். நான் செவிலி என்பதற்கு 'சோய் என்பெர்மேரா', நான் களைப்பாக இருக்கிறேன் என்பதற்கு 'எஸ்தோய் கன்சாதா'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். அவர்களுக்கோ இரண்டு வினைகள். தமிழில் 'இருக்கிறேன்' வருகிற இடம், வராத இடம் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடுகிறது. (எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதில் கவிழ்த்துவிடும். நான் ஒருமுறை கவிழ்ந்தேன்.)

உச்சரிப்பிலும் அப்படித்தான். 'பெரோ' என்றால் ஆனால். ரகரத்தை உருட்டிச் சொன்னால் அது நாய். நம் தமிழம்மா 'அரை', 'அறை' என்று சொல்லெழுதப் போட்டு நம் காதைத் திருகியது வீண் போகவில்லை. அத்தைக்கு அந்த நாய் முதல் நாளே வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சில சொற்களோ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரைக்கு வந்துவிட்டவை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மேசையும் அலமாரியும் நம் வீடுகளில் இருக்கின்றன. ஸ்பானியம் அதற்குத் தங்கை மொழி. அதிலும் 'மேசா', 'ஆர்மாரியோ' என்றுதான் பெயர். பங்களாவில் சாமியாருக்குச் சமைக்கும் இடத்தை நாம் குசினி என்கிறோமே, அது அவர்களுக்குக் 'கொசீனா'. ஆச்சியின் தகப்பனார் கொழும்பில் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் ஆச்சி காலணியை இன்றும் சப்பாத்து என்பார்கள். ஸ்பானிய மொழியில் 'சபாத்தோ'. இதை அத்தை உரக்கச் சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த ஆச்சியின் தோள் கொஞ்சம் அசைந்தது. சிரித்தார்களா என்று தெரியவில்லை.

அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அத்தை, "போட்டும் விடு. வா, நீ தமிழ்ல கேளு, நான் சொல்லுதேன்" என்றார்கள். அன்று முதல் பாடம் மாடியிலிருந்து இறங்கி ஆச்சியின் கட்டிலருகே நடந்தது. நான் தமிழில் கேட்பேன், மனத்துக்குள் ஐந்து எண்ணுவேன், அத்தை சொல்வார்கள். ஒரு மாதத்தில் முப்பது பாடம் முடிந்தது.

தவறுகளுக்கும் குறைவில்லை. விசுவாசப் பிரமாணத்தை ஸ்பானிய மொழியில் மனப்பாடம் செய்து என்னிடம் ஒப்பித்தபோது அத்தை மூன்று இடத்திலும் 'க்ரேயோ' என்பதற்குப் பதில் 'கியேரோ' என்றார்கள். 'க்ரேயோ' என்றால் விசுவசிக்கிறேன். 'கியேரோ' என்றால் வேண்டும். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லப்போக, அவர் சொன்ன செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. புனித சவேரியார் ஸ்பெயினில் உள்ள நவார்ரா நாட்டில் பிறந்தவர். 1542-ஆம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வயது 36. பாஸ்க் மொழி தம் தாய்மொழி என்று அவரே எழுதியிருக்கிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கச் சொல்லி, காதால் கேட்டு மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்ற சொல் நுழைந்துவிட்டது, அதைத் திருத்திச் சொல்லிக்கொடும் என்கிறாராம்! அதே இரண்டு சொற்கள். அவர் தமிழில் தடுமாறிய இடத்திலேயே, 480 ஆண்டுகளுக்குப் பிறகு அத்தை ஸ்பானிய மொழியில் தடுமாறியிருக்கிறார்கள். வீட்டில் வந்து சொன்னபோது ஆச்சி முதல்முறையாக வாய் திறந்து, "சவேரியாருக்கே நாக்குப் பெரண்டிருக்கு, இவளுக்கென்ன" என்றார்கள்.

ஆனாலும் 'பெரு' என்ற சொல் ஆச்சியின் வாயிலிருந்து வரவில்லை. அது வந்தது மே மாதம் 8-ஆம் தேதி இரவு. திருத்தந்தை பிரான்சிஸ் ஏப்ரல் 21-ஆம் தேதி இறைவனடி சேர்ந்த பின், அன்றுதான் புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார். வெண்புகையைக் கண்டபின் தொலைக்காட்சியை விட்டு யாரும் நகரவில்லை. ஆச்சியையும் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தோம். நம் நேரப்படி இரவு 11 மணி ஆகும் வேளையில் பதினான்காம் லியோ மாடத்தில் தோன்றினார். இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று ஸ்பானிய மொழிக்கு மாறினார். அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"என்னட்டி சொல்லுதாவ?" என்றார்கள் ஆச்சி.

அத்தை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் பெரு நாட்டில் ஆயராக இருந்த சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களை வாழ்த்துகிறார் என்று சொல்லிச் சொல்லி மொழிபெயர்த்தார்கள். உடனே பேச்சு முடிந்து வேறு மொழி வந்துவிட்டது. சிறிது நேரந்தான், ஆனால் மனிதர் பேசப் பேச அத்தை புரிந்துகொண்டார்கள், இடையில் ஆங்கிலம் இல்லாமல்! மறுநாள் செய்தித்தாளில் வந்ததை நான் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். திருத்தந்தை 1955-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தவர். 1985-இல் மறைபரப்புப் பணிக்காகப் பெருவுக்குப் போனவர். ஆச்சி வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவரு அம்ம விட்டாளா?" என்று கேட்டார்கள். பிறகு, "பெருவுல ரொம்பக் குளிருமோ?" என்றார்கள்.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாங்கள் கேட்ட பாடம் எல்லாம் உணவு விடுதியில் மேசை கேட்பவர்களுக்கும் வழி கேட்பவர்களுக்கும் உரியது. அத்தைக்கு வேண்டியதோ நோயாளியின் பேச்சு. அதற்கு நாமே ஒரு பாடம் பதிவு செய்தால் என்ன? "எனக்குத் தலை வலிக்கிறது" என்பது அவர்கள் மொழியில் 'மே துவேலே லா கபேசா'. இங்கும் அதே 'எனக்கு'! உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்பது 'தோந்தே லே துவேலே'. அத்தை போகப்போகும் மடத்தில் அந்நாட்டுச் சகோதரி ஒருவர் இருந்தார். நான் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, அவர் ஸ்பானிய மொழியில் பேசிக் கைப்பேசியில் அனுப்ப இசைந்தார். அவர்களுக்கு நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் பொழுது. நாங்கள் தூங்கும்போது விடைகள் வந்து சேரும்.

தமிழில் நோயாளியாக யார் பேசுவது? நான் ஆச்சியிடம் போய், "ஒங்களுக்கு எங்கெல்லாம் வலிக்கும் ஆச்சி?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்விக்காகவே அவர்கள் காத்திருந்தது போலத் தோன்றியது. இடுப்பு வலிக்கு. முழங்கால் வலிக்கு. தோள்பட்டை வலிக்கு. கடைவாய்ப் பல்லு வலிக்கு. மாடி ஏறினால் மூச்சு வாங்குது (ஆச்சி மாடி ஏறி ஆறு ஆண்டுகளாகின்றன). மூன்று நாட்களில் இருபத்திரண்டு நோய்கள் பதிவாயின. ஆச்சி சொன்ன பிறகு நான் ஐந்து எண்ண வேண்டும், யாரும் பேசக்கூடாது. ஆனால் ஆச்சியால் அந்த ஐந்து விநாடி சும்மா இருக்க முடியாது. "இன்னும் எண்ணி முடியலியா?" என்பார்கள். அதுவும் பதிவாகிவிடும். மார்புக்கு அவர்கள் மொழியில் 'பேச்சோ' என்று அறிந்தபோது, "பேச்சு வலிக்குதா? அது இந்த வீட்ல எனக்கு மட்டுந்தான்" என்று சொல்லி அவர்களே சிரித்தார்கள்.

இருபத்துமூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்கள். அத்தை அப்போது அறையில் இல்லை. "மனசு வலிக்கு" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கு அவுக ஊர்ல வார்த்த இருக்கா, கேளு" என்றார்கள்.

கேட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் விடை வந்திருந்தது. 'மே துவேலே எல் அல்மா.' எனக்கு ஆன்மா வலிக்கிறது என்பது நேர்ப்பொருள். நான் ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு அதையும் சேர்த்து வைத்தேன். அன்று மாலை அத்தை பாடத்தைக் கேட்டுக்கொண்டே கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டுக்கும் டக் டக்கென்று விடை சொன்னார்கள். இருபத்துமூன்றாவது வந்தது. ஆச்சியின் குரல், பிறகு ஐந்து விநாடி. அத்தை விடை சொல்லவில்லை. அந்தச் சகோதரியின் குரல் சொல்லி முடித்தது. அத்தை கைப்பேசியை நிறுத்தி, முதலிலிருந்து போட்டு, இம்முறை சொன்னார்கள். வெங்காயம் உரிப்பவர்களின் கண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கையைக் கழுவிவிட்டு ஆச்சியின் அறைக்குள் போனார்கள். நான் போகவில்லை.

ஜூன் மாதம் அத்தை மடத்துக்குத் திரும்பினார்கள். செப்டம்பரில் புறப்பட்டார்கள். விமான நிலையத்துக்கு ஆச்சியால் வர முடியவில்லை. வாசல் வரை கைத்தடியோடு நடந்து வந்து நெற்றியில் சிலுவை வரைந்து, "போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றார்கள்.

முதல் சில வாரங்கள் மூச்சுத் திணறலும் தலைவலியுமாக அத்தையே நோயாளியாகிவிட்டார்களாம். 'மே துவேலே லா கபேசா' உடனே பயன்பட்டது. இப்போதெல்லாம் ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பேசுவார்கள். அங்கே காலை எட்டரை மணி. அதிகாலையில் நம் பாடத்தை இன்னும் கேட்கிறார்களாம். "விடைய விட அந்த அஞ்சு விநாடிதான் நல்லாருக்கு. அதுல கோயில் மணி கேக்கு, மீன்காரம்மா கூப்பிடுத சத்தம் கேக்கு" என்றார்கள். அந்தச் சத்தங்களை நீக்கிவிடத்தான் நான் அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டேன்!

ஆனால் ஒரு சங்கடம். மருந்தகத்துக்கு முதல் மாதமே ஒரு கிழவி வந்திருக்கிறார்கள். அத்தை பெருமையோடு, 'தோந்தே லே துவேலே' என்று கேட்டிருக்கிறார்கள். கிழவி பேசாமல் பார்த்திருக்கிறார்கள். மறுபடி கேட்டும் பதில் இல்லை. பிறகு தம் தலையைத் தொட்டு, "உமா" என்றார்களாம். அது கெச்சுவா மொழி. 1975-இலேயே பெரு நாட்டில் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்ட மலைவாழ் மக்களின் மொழி. அங்குள்ள முதியவர்கள் பலருக்கு ஸ்பானிய மொழி வராதாம். அதில் உமா என்றால் தலை, நானாய் என்றால் வலி. வினைச்சொல் தமிழைப் போல வாக்கியத்தின் கடைசியில் வருமாம். நாம் வேறு, நாங்கள் வேறு என்று நம்மைப் போலவே பிரித்துச் சொல்வார்களாம். ஸ்பானிய மொழியில் அந்த வேறுபாடு கிடையாது. "ஐம்பது வயசுல இன்னொண்ணா?" என்று அப்பா கேட்டார்கள். அத்தை சிரித்தார்கள். கெச்சுவா தெரிந்த ஒரு பெண் மருந்தகத்தில் வேலை செய்கிறாளாம். விடைகளை அவள் பேசித் தருவாளாம்.

ஆச்சி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, "அந்தக் கெழவிக்கு இப்ப தல வலி தேவலையா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்து, "சரி, பழையபடி பதிவு பண்ணு. இடுப்புலருந்து ஆரம்பிப்போம்" என்றார்கள்.